அலுவலகத் தொலைபேசியை இணையத்துக்கு மாற்றுவது எப்படி: முதல் முறை பொறுப்பேற்பவர்களுக்கு

அலுவலகத்தில் இருக்கும் பழைய தொலைபேசி அமைப்பை எடுத்துவிட்டு, இணையம் வழியாகப் பேசும் அமைப்புக்கு மாறும் பொறுப்பு உங்கள் தலையில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வேலைக்கு வரும் பலரும் முதல் நாளே எந்த ஐபி போன் நல்லது, எந்த நிறுவனம் குறைந்த கட்டணம் வாங்குகிறது என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது கடைசியில் செய்யவேண்டியது. மாறிய பிறகு தலைவலி கொடுப்பது அநேகமாகப் போன் கருவியாக இருக்காது. யாருமே கணக்கில் எடுக்காமல் விட்ட ஏதோ ஒரு லைனாக இருக்கும். இல்லாவிட்டால் குரலைச் சுமக்கத் தயாராகாத நெட்வொர்க்காக இருக்கும். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

செம்புக் கம்பித் தொலைபேசி வலையமைப்பையே பல நாடுகள் மூடிக்கொண்டு வருகின்றன. பிரிட்டனில் 2025 டிசம்பரில் மூடுவதாகத் திட்டம். பிறகு அது 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. காரணத்தைக் கவனியுங்கள்: உடல்நிலை மோசமானால் ஒரு பட்டனை அழுத்தி உதவி கேட்கும் கருவிகளை வீட்டில் வைத்திருக்கும் முதியவர்கள் அந்தக் கம்பியை நம்பியிருந்தார்கள். அவர்களைப் பத்திரமாக மாற்றிய பிறகே கம்பியைத் துண்டிக்க முடியும் என்ற நிலை. உங்கள் கட்டிடத்திலும் இதே மாதிரி, யார் கண்ணிலும் படாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும் கருவிகள் இருக்கும். அவற்றைத் தேடுவதில்தான் வேலை தொடங்குகிறது.

முதலில் படத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பழைய முறையில் மேசைப் போனிலிருந்து இரண்டு கம்பிகள் கிளம்பி ஏதோ ஒரு மூலையில் இருந்து அலுவலக அழைப்புகளைப் பிரித்துவிடும் இபிஏபிஎக்ஸ் பெட்டிக்குப் போகும். அந்தப் பெட்டியிலிருந்து தொலைபேசி நிறுவனத்துக்குத் தனித்தனி லேண்ட்லைன்களோ, ஒரே நேரத்தில் 30 அழைப்புகளைத் தாங்கும் ஒரு பிஆர்ஐ இணைப்போ போகும். சில நாடுகளில் அந்த இணைப்பில் 23 அழைப்புகள்.

புதிய முறையிலும் அதே மூன்று அடுக்குகள்தான். மேசையில் ஐபி போன், அல்லது கணினியிலும் கைபேசியிலும் ஓடும் சாஃப்ட்போன். நடுவில், அந்தப் பழைய பெட்டியின் வேலையை மென்பொருளாகச் செய்யும் ஐபி பிபிஎக்ஸ். அது உங்கள் சர்வரில் இருக்கலாம், சேவை நிறுவனத்தின் கிளவுடிலும் இருக்கலாம். வெளியுலகத்துக்குப் போக, பிஆர்ஐக்குப் பதிலாக, அழைப்புகளை இணையம் வழியாகச் சேவை நிறுவனத்துக்குக் கொண்டுபோகும் சிப் டிரங்க்.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் ஆழமாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிப் என்பது அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறை மட்டுமே. மணியடிக்கச் சொல்வது, எடுத்தாயிற்று என்று தெரிவிப்பது, வைத்துவிட்டார்கள் என்று சொல்வது எல்லாம் அதன் வேலை. குரல் அதில் போவதில்லை. குரல் ஆர்டிபி என்ற வேறொரு நெறிமுறையில், வேறு போர்ட்டுகளில் (தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்கள்), சில நேரம் வேறு பாதையிலேயே போகிறது. மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தமே இல்லை என்று யாராவது சொன்னால், சிப் போய்ச் சேர்கிறது, ஆர்டிபி எங்கோ தடைபடுகிறது என்று அப்போதே உங்களுக்குத் தோன்ற வேண்டும். இந்தப் பிரிவினை புரிந்தவர்களுக்குப் பாதிப் பிரச்சினைகளுக்கு எங்கே தேடுவது என்பது உடனே தெரிந்துவிடும்.

கணக்கெடுப்பு

கடந்த ஓராண்டுத் தொலைபேசி பில்கள் எல்லாவற்றையும் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒரு அட்டவணையில் எழுதுங்கள். எதிரே, அது எங்கே போகிறது, யார் பயன்படுத்துகிறார்கள், எதற்கு. எதிரே எழுத முடியாத எண்கள் சில நிச்சயம் மிஞ்சும். அவற்றைக் கண்டுபிடிக்க எழுந்து நடக்க வேண்டும். கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டியைத் திறந்து, சந்தேகமான ஜோடியில் ஒரு சாதாரண போனை மாட்டி, அந்த எண்ணுக்குக் கைபேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். எந்தக் கம்பியில் மணி அடிக்கிறதோ அதற்கு உடனே லேபிள் ஒட்டிவிடுங்கள்.

இப்படித் தேடும்போது அகப்படுபவை: லிஃப்ட்டுக்குள் இருக்கும் அவசர போன், தீ எச்சரிக்கை பேனல், திருட்டு அலாரம், கேட்டில் இருக்கும் இன்டர்காம், ஃபேக்ஸ், பழைய கார்டு ஸ்வைப் மெஷின், மாடியில் அறிவிப்பு சொல்லும் ஸ்பீக்கர், தொலைவிலிருந்து ஏதோ ஒரு இயந்திரத்தைக் கண்காணிக்கும் மோடம். இவை எதுவும் ஐபி போன் மாதிரி நடந்துகொள்ளாது. லிஃப்ட்டையும் தீ எச்சரிக்கையையும் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அவற்றைப் பராமரிக்கும் நிறுவனத்தை எழுத்துப்பூர்வமாகக் கேட்காமல் ஒரு கம்பியைக்கூடத் தொடாதீர்கள். மொபைல் சிம்மில் இயங்கும் மாற்றுக் கருவி அவர்களிடமே பெரும்பாலும் இருக்கும். உயிர் சம்பந்தப்பட்ட இணைப்பை, பழைய கருவியை இணையத்தோடு இணைக்கும் அடாப்டர் வைத்து ஒப்பேற்றுவது வேண்டாம்.

ஃபேக்ஸ் தனிக்கதை. குரலுக்காகச் செய்யப்பட்ட பாதையில் ஃபேக்ஸின் டோன்கள் சிறு இழப்பையும் தாங்காது. பக்கம் பாதியில் நின்றுவிடும். அதற்கென்று டி.38 என்ற முறை இருக்கிறது; உங்கள் அடாப்டர், பிபிஎக்ஸ், சேவை நிறுவனம் மூவருமே அதை ஆதரிக்க வேண்டும். அதைவிட, ஃபேக்ஸை மின்னஞ்சலில் வாங்கித்தரும் சேவைக்கு மாறுவது நிம்மதி.

கம்பிகள் முடிந்ததும் மனிதர்கள். ரிசப்ஷனில் போன் எடுப்பவரின் பக்கத்தில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். கேள்வி கேட்க வேண்டாம், பார்த்தால் போதும். அழைப்பு வந்ததும் அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பட்டியலுக்குப் போகாது. போர்டில் எரியும் சிறு விளக்குகளுக்குப் போகும். சிவப்பு எரிந்தால், "அவர் லைனில் இருக்கிறார், கொஞ்சம் இருங்கள்" என்பார். அணைந்த அடுத்த நொடி தட்டிவிடுவார். அந்த விளக்குகளை நம்பித்தான் அவருடைய நாள் ஓடுகிறது. புதிய போனில் அதற்கு இணையானது பிஎல்எஃப் பட்டன்கள். விற்பனையாளர் கொடுக்கும் சாதாரண மாடலில் அவை நான்கோ ஐந்தோதான் இருக்கும். ரிசப்ஷனுக்குக் கூடுதல் பட்டன் பலகை சேர்த்து வாங்க வேண்டும் என்பது இப்படிப் பார்த்தால்தான் தெரியவரும்.

அதே மாதிரி, மேலாளரின் அழைப்பு முதலில் செயலரிடம் அடிக்கிறதா, மதிய இடைவேளையில் யார் எடுக்கிறார்கள், ஒரு பிரிவில் மணி எல்லோருக்கும் சேர்ந்து அடிக்கிறதா ஒருவர் பின் ஒருவராகவா, இரவில் அழைப்பு காவலாளிக்குப் போகிறதா என்பதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் எண்களை மாற்றாதீர்கள். புதிய அமைப்பு வருகிறதே, இதையும் ஒழுங்குபடுத்திவிடலாம் என்ற ஆசை வரும். ஒரே நாளில் கருவியும் மாறி எண்ணும் மாறினால் மக்களுக்கு எதுவும் மிஞ்சாது.

அப்புறம் எத்தனை சேனல் வேண்டும், அதாவது ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு ஓட வேண்டும் என்ற கணக்கு. பரபரப்பான ஒரு மணி நேரத்தை எடுங்கள். அதில் 60 அழைப்புகள், ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம் என்றால் மொத்தம் 180 நிமிடப் பேச்சு. அதை ஒரு மணி நேரத்தின் 60 நிமிடங்களால் வகுத்தால் 3. இந்த அளவுக்கு எர்லாங் என்று பெயர்; டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் ஏ.கே. எர்லாங் தொலைபேசி நெரிசலுக்குக் கண்ட சூத்திரம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 3 எர்லாங் என்பதால் 3 சேனல் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அழைப்புகள் ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று வரிசையில் வருவதில்லை. 3 சேனல் மட்டும் வைத்தால் மூன்றில் ஒருவருக்கு பிஸி டோன் கேட்கும். நூறில் ஒருவருக்கு மேல் அப்படி ஆகக்கூடாது என்றால் 8 சேனல் தேவை. சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கும் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

நெட்வொர்க்: இங்கேதான் உண்மையான வேலை

எங்கள் இணைய வேகம் போதுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. வேகம் அநேகமாகப் போதும். ஜி.711 என்ற கோடெக்கில் (குரலை எண்களாக மாற்றும் முறை) குரல் விநாடிக்கு 64 கிலோபிட். அதை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி ஒட்டி, விநாடிக்கு 50 பாக்கெட்டுகளாக அனுப்புகிறார்கள். தலைப்புகளின் எடையும் சேர்ந்தால் ஈதர்நெட்டில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கிலோபிட். 8 அழைப்புகள் சேர்ந்தாலும் 700 கிலோபிட்தான். ஜி.729 கோடெக் என்றால் அழைப்புக்கு 31 கிலோபிட் போதும், குரல் சற்று மங்கும். இடம் இருக்கும்போது ஜி.711ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரச்சினை நேரத்தில் இருக்கிறது. ஒரு கோப்பு இறங்கும்போது நடுவே அரை விநாடி தடங்கினால் யாருக்கும் தெரியாது. குரலில் அது அப்படியே கேட்கும். பேசுபவரின் வாயிலிருந்து கேட்பவரின் காதுக்குப் போக 150 மில்லி விநாடிக்கு மேல் ஆகக்கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போனால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். பாக்கெட்டுகள் வரும் இடைவெளியில் ஏற்ற இறக்கம் 30 மில்லி விநாடிக்குள், வழியில் தொலைவது 1 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

வேகம் அளக்கும் தளத்தில் பெரிய எண் வந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். சாதாரண வேலை நாளில், எல்லோரும் வேலை செய்யும் நேரத்தில், சேவை நிறுவனத்தின் சர்வருக்குத் தொடர்ந்து பிங் (சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டு நாள் முழுக்கப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான நேரம் 20 மில்லி விநாடி காட்டும் வரிசையில், தினமும் ஒரே நேரத்தில் 400, 600 என்று தாவுவது தெரியவரும். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று விசாரித்தால், ஏதோ ஒரு சர்வரின் பேக்கப் மேலே ஏறிக்கொண்டிருக்கும். அப்லோட் நிரம்பியதும் ரூட்டரில் பாக்கெட்டுகள் வரிசையில் காத்திருக்கின்றன. குரல் பாக்கெட்டும் அந்தப் பெரிய கோப்பின் பின்னால் நிற்கிறது. மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் துண்டு துண்டாக விழும், உங்களுக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்கும்.

இதற்கு வழி, குரலை முன்னால் விடச் சொல்லி ரூட்டருக்குக் கற்றுக்கொடுப்பது. குரல் பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி 46 என்ற அடையாளம் இருக்கும். அதைப் பார்த்தால் முன்னுரிமை கொடு என்று, நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச்சிலும் ரூட்டரிலும் அமைக்க வேண்டும். உங்கள் கட்டிடத்தைத் தாண்டிய இணையத்தில் இந்த அடையாளத்தை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அதனால் ரூட்டரின் வெளிச்செல்லும் வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்குக் குறைத்து வையுங்கள். அப்போது நெரிசல் உங்கள் ரூட்டரிலேயே உருவாகும், வரிசையை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் உங்களிடமே இருக்கும். குறைக்காவிட்டால் வரிசை சேவை நிறுவனத்தின் மோடத்தில் நிற்கும், அங்கே உங்கள் விதிகள் செல்லாது.

போன்களுக்கென்று தனி விலான், அதாவது அதே கருவிகளுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க், போடுங்கள். கணினிகளின் சலசலப்பு போன்களைத் தொடாது. யாரோ ஒருவரின் கணினியில் வைரஸ் புகுந்தாலும் போன் அமைப்புக்குள் நேராகப் போக முடியாது.

கேபிள் விஷயத்தில் சமரசம் வேண்டாம். பழைய போன் கம்பி பெரும்பாலும் ஈதர்நெட்டுக்குப் போதாது. மேசைக்கு ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள்தான் இருக்கிறது என்றால், ஐபி போனின் பின்புறம் இருக்கும் இரண்டாவது போர்ட்டில் கணினியை மாட்டிக்கொள்ளலாம். வாங்கும் முன் அந்தப் போர்ட் ஜிகாபிட் வேகமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கணினியின் வேகமும் சேர்ந்து குறையும். மேசைப் போனை வைஃபையில் ஓட்டுவதைத் தவிருங்கள்.

அடுத்தது மின்சாரம். பழைய போனுக்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அந்த இரண்டு கம்பிகளில் வந்தது. அதனால்தான் கரண்ட் போனாலும் நேரடி லேண்ட்லைன் வேலை செய்தது. இனி அப்படி இல்லை. போன், ஸ்விட்ச், ரூட்டர், ஃபைபர் மோடம் நான்கில் ஒன்று அணைந்தாலும் அழைப்பு இல்லை. பிஓஇ ஸ்விட்ச் வாங்கினால் போன்கள் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். யுபிஎஸ்ஸை ஓரிடத்தில் வைத்தால் போதும். ஸ்விட்ச்சில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம், ஆனால் எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து ஒரு மொத்த வரம்பு உண்டு. விவரத்தாளில் அந்த வரம்பைப் பார்த்து, உங்கள் போன்களின் தேவையோடு கூட்டிப் பாருங்கள். ஃபைபர் மோடம் வேறு அறையில் இருந்தால் அதற்கும் யுபிஎஸ் வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

இணைய இணைப்பு அறுந்தால்? வேறு நிறுவனத்திடமிருந்து, முடிந்தால் வேறு வழியாக வரும் இரண்டாவது இணைப்பு வையுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால், இணைப்பு போனவுடன் முக்கிய எண்ணின் அழைப்புகள் ஒரு கைபேசிக்குத் தாவும்படி சேவை நிறுவனத்தின் பக்கத்திலேயே அமைக்கச் சொல்லுங்கள்.

கிளவுடா, சொந்த சர்வரா

உங்களிடம் நெட்வொர்க் தெரிந்த முழுநேர ஆள் இல்லையென்றால் கிளவுட். இதில் நான் தயங்கமாட்டேன். சொந்த பிபிஎக்ஸ் நடத்துவது என்பது அதை மாதாமாதம் அப்டேட் செய்வது, பேக்கப் எடுப்பது, இரவில் விழுந்தால் எழுப்புவது எல்லாம் சேர்ந்ததுதான்.

ஆள் இருக்கிறார், அழைப்புப் பதிவுகள் வெளியே போகக்கூடாது, அல்லது உங்கள் மென்பொருளோடு போனை ஆழமாக இணைக்க வேண்டும் என்றால் சொந்த சர்வர் நல்ல தேர்வு. மார்க் ஸ்பென்சர் 1999ல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற திறமூல மென்பொருள் இன்றும் வலுவாக ஓடுகிறது. கட்டளைக் கோப்புகளை எழுத விரும்பாதவர்களுக்கு அதன் மேலே ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற திரை இருக்கிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. பழைய இபிஏபிஎக்ஸ் நன்றாக ஓடுகிறது, வெளிலைன் மட்டும்தான் மாறவேண்டும் என்றால், ஒரு கேட்வே பெட்டி வாங்கி அதன் ஒரு பக்கத்தில் சிப் டிரங்க்கையும் மறுபக்கத்தில் பழைய பிஆர்ஐ போர்ட்டையும் இணைத்துவிடலாம். மேசையில் இருப்பவர்களுக்கு எதுவுமே மாறியதாகத் தெரியாது. பெரிய நிறுவனங்கள் பிரிவு பிரிவாக மாறுவதற்கு இது நல்ல பாலம்.

எந்த வழியானாலும், கையெழுத்துப் போடும் முன் சேவை நிறுவனத்திடம் சிலவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பழைய எண்களை எல்லாம் கொண்டுவர முடியுமா? ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு? அவசர எண்ணுக்கு அழைத்தால் எந்த முகவரி போகும்? இணைய அழைப்பைப் பொதுத் தொலைபேசி வலையமைப்போடு இணைப்பதற்குச் சில நாடுகளில் உரிம விதிகளும் கட்டுப்பாடுகளும் உண்டு. கிளைகள் வெவ்வேறு ஊர்களிலோ நாடுகளிலோ இருந்தால் இது இன்னும் முக்கியம். உங்கள் அமைப்பின் வரைபடத்தைக் காட்டி, இது சட்டப்படி சரிதானா என்று கேளுங்கள்.

அவசர எண்ணைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பழைய லேண்ட்லைன் ஒரு முகவரிக்குக் கட்டப்பட்டிருந்தது. ஐபி போனை எங்கே எடுத்துப்போய் மாட்டினாலும் அதே எண்ணில் வேலை செய்யும். வசதிதான், ஆனால் ஒருவர் கிளை அலுவலகத்திலிருந்து ஆம்புலன்ஸ் கேட்டால் அது தலைமை அலுவலக வாசலில் வந்து நிற்கக்கூடும். ஒவ்வொரு இடத்துக்கும் சரியான முகவரியைப் பதிவு செய்யுங்கள். வீட்டிலிருந்து சாஃப்ட்போனில் வேலை செய்பவர்களிடம், அவசரத்துக்குச் சொந்தக் கைபேசியையே எடுக்கச் சொல்லுங்கள்.

எண்களைக் கொண்டுவருவது

புதிய இணைப்பு வரப்போகிறது என்று பழைய இணைப்பை ரத்து செய்துவிடாதீர்கள். ரத்தானால் எண்ணும் போய்விடும், திரும்பக் கிடைப்பது நிச்சயமில்லை. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் போர்ட்டிங் விண்ணப்பத்தைப் புதிய நிறுவனத்தின் வழியாகவே கொடுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, கணக்கு எண் மூன்றும் பழைய பில்லில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கணக்கு ஒரு முன்னாள் பங்குதாரர் பெயரிலோ, பழைய முகவரியிலோ இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். எண்களை எண்ணி, தொடர் வரிசையில் எதுவும் விடுபடவில்லையா என்று உங்கள் கணக்கெடுப்பு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எண் வந்து சேரும் வரை, புதிய அமைப்பைத் தற்காலிக எண்களில் ஓட்டிச் சோதிக்கலாம்.

பூட்டு போடாமல் திறக்காதீர்கள்

ஒரு ஐபி பிபிஎக்ஸை இணையத்தில் திறந்து வைத்தால், 5060 என்ற சிப் போர்ட்டைத் தேடி அலையும் தானியங்கி நிரல்கள் சீக்கிரமே கதவைத் தட்டும். அவற்றை ஏவுபவர்களுக்கு உங்கள் ரகசியங்கள் வேண்டாம். உங்கள் கணக்கில், அதிகக் கட்டணம் வாங்கும் வெளிநாட்டு எண்களுக்கு அழைக்க வேண்டும்; அந்தக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. யாரும் பார்க்காத வார இறுதி இரவுகள்தான் அவர்களுக்கு விருப்பமான நேரம். திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது பில் எங்கேயோ போயிருக்கும்.

எக்ஸ்டென்ஷன் 201க்குக் கடவுச்சொல்லும் 201 என்று வைப்பதுதான் இதில் மிகப் பழைய ஓட்டை. ஒவ்வொரு போனுக்கும் நீளமான, தாறுமாறான கடவுச்சொல் கொடுங்கள்; போன் தானே அமைப்பை இறக்கிக்கொள்ளும் என்பதால் யாரும் அதைத் தட்டச்சு செய்யப் போவதில்லை. தேவையில்லாத நாடுகளுக்கு அழைப்பதை முழுக்க அடைத்துவிடுங்கள், தேவைப்படுபவர்களுக்கு மட்டும் திறந்தால் போதும். சேவை நிறுவனத்திடம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று செலவு வரம்பு வைக்கச் சொல்லுங்கள். ஃபயர்வாலில், சேவை நிறுவனத்தின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் கதவைத் திறங்கள். வெளியிலிருந்து வேலை செய்பவர்கள் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியாக வரட்டும். சிப்புக்கு டிஎல்எஸ், குரலுக்கு எஸ்ஆர்டிபி என்ற மறையாக்க முறைகள் இரண்டும் கிடைத்தால் போட்டுவிடுங்கள். வாய்ஸ்மெயிலுக்கு 1234 என்ற பின் எண்ணை விட்டுவைக்காதீர்கள்.

சிறிய பிரிவில் ஓட்டிப் பாருங்கள்

பொறுமையாகக் குறை சொல்லக்கூடியவர்கள் இருக்கும் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் பழைய போனும் புதிய போனும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களை வைத்துச் சோதனை செய்து பயனில்லை.

புகார் வரும்போது, வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமாக எத்தனை விநாடியில் என்பதை. சிப்பில் சில கோளாறுகள் தங்கள் கையெழுத்தை நேரத்தில் போட்டுவிட்டுப் போகும். அழைப்பு ஒவ்வொரு முறையும் சரியாக 32 விநாடியில் அறுகிறதா? ஒரு பக்கம் எடுத்தாயிற்று என்று சொன்னதற்கு மறுபக்கத்தின் ஒப்புதல் வந்து சேரவில்லை; அது காத்திருந்து பார்த்துத் துண்டித்துவிடுகிறது. 15 அல்லது 30 நிமிடத்தில் அறுகிறதா? நீண்ட அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையில் கேட்கும் செய்தியை ஃபயர்வால் விழுங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா? ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் போன், தன் உள்முகவரியை வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறது. குரல் எங்கே போவதென்று தெரியாமல் தொலைகிறது.

இந்த மூன்றுக்குமே முதலில் பார்க்க வேண்டியது ரூட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற அமைப்பு. உதவுவதற்காகவே வைக்கப்பட்டது, சிப் செய்திகளைத் திறந்து முகவரிகளை மாற்றி எழுதும். நடைமுறையில் அது சரியாக எழுதாத ரூட்டர்கள் ஏராளம். அணைத்துவிட்டுச் சோதியுங்கள், அநேகம் அங்கேயே தீரும்.

வங்கிக்கோ வேறு சேவை மையத்துக்கோ அழைத்து, 1ஐ அழுத்தவும், 2ஐ அழுத்தவும் என்ற மெனுவில் எண்கள் ஏற்கப்படுகின்றனவா என்று பாருங்கள். ஏற்கப்படாவிட்டால், அழுத்திய எண்களை அனுப்பும் டிடிஎம்எஃப் முறை இரு பக்கமும் வேறாக இருக்கிறது. ஆர்எஃப்சி 4733 என்ற முறையில் இரண்டையும் வைத்தால் சரியாகும். அழைப்பை மாற்றிவிடுவது, ஹோல்டில் வைத்து மீண்டும் எடுப்பது, மறுமுனையில் தெரியும் உங்கள் எண், இரவு நேர மாற்றம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். இணைய கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். மெயின் சுவிட்சை அணைத்து யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். அவசர எண்ணைச் சோதிக்கும் முன் சேவை நிறுவனத்திடம் அதற்கான முறையைக் கேளுங்கள். சும்மா அழைத்து அவர்கள் லைனை அடைக்கக்கூடாது.

மாற்றும் நாள்

மாதக் கடைசி வேண்டாம், வெள்ளிக்கிழமை வேண்டாம். வாரத்தின் நடுவில், அழைப்பு குறைவான நேரத்தில் வையுங்கள். எண் போர்ட் ஆகும் நேரத்தில் சில அழைப்புகள் பழைய இடத்துக்கும் சில புதிய இடத்துக்கும் போகக்கூடும், அதனால் அன்று இரண்டு அமைப்பும் உயிரோடு இருக்க வேண்டும்.

பயிற்சியை அதற்கு முந்தைய நாளே வையுங்கள், சுருக்கமாக. போனில் நாற்பது வசதிகள் இருக்கலாம்; மக்களுக்குத் தேவை மாற்றிவிடுவது, ஹோல்ட், வாய்ஸ்மெயில் கேட்பது, அவ்வளவுதான். ஒவ்வொருவரையும் தன் கையால் ஒரு அழைப்பை மாற்றிவிடச் செய்யுங்கள். இந்த மூன்றையும் ஒரு சிறிய அட்டையில் அச்சிட்டு ஒவ்வொரு போனுக்கு அடியிலும் வையுங்கள். ரிசப்ஷனிஸ்டுக்கு மட்டும் தனியாக, அவசரமில்லாமல் நேரம் ஒதுக்குங்கள். முதல் நாள் காலை முழுக்க அவர் பக்கத்திலேயே யாராவது ஒருவர் நில்லுங்கள்.

முதல் சில வாரங்கள்

பிபிஎக்ஸிலோ கிளவுட் திரையிலோ ஒவ்வொரு அழைப்புக்கும் தரக் குறியீடு இருக்கும். எம்ஓஎஸ் என்று 1 முதல் 5 வரை கொடுப்பார்கள். 4க்கு மேல் நல்லது, 3.5க்குக் கீழே இறங்கினால் காது கண்டுபிடித்துவிடும். வாரம் ஒருமுறை குறைந்த மதிப்பெண் அழைப்புகளை வரிசைப்படுத்தி, ஒரே மேசையா, ஒரே நேரமா, ஒரே ஊரா என்று பாருங்கள். ஒரே மேசை என்றால் கேபிளையும் ஹெட்செட்டையும் மாற்றுங்கள். ஒரே நேரம் என்றால் அப்லோடைத் தேடுங்கள். ஒரே ஊர் என்றால் சேவை நிறுவனத்திடம் அழைப்பு விவரத்தோடு புகார் கொடுங்கள். தேதியும் நேரமும் எண்ணும் இல்லாத புகாரை அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

பழைய இபிஏபிஎக்ஸை உடனே பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு முழு பில் சுழற்சி முடியட்டும். அந்த மாதத்தில் பழைய நிறுவனத்தின் பில்லில் இன்னும் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும் லைன்களை உங்கள் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். போர்ட் ஆன எண்கள் தாமாக நின்றிருக்கும். மீதி இருப்பவற்றில் லிஃப்ட், அலாரம் போன்ற வைத்துக்கொள்ள வேண்டியவை எவை, மறந்துபோனவை எவை என்று பிரித்து, மறந்துபோனவற்றை மட்டும் எழுத்துப்பூர்வமாக ரத்து செய்யுங்கள். ரத்துக் கடிதத்துக்கு ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.